எல்லோரும் சேர்ந்து தொட்ட மரம்

ஆல்ட்வெர்த் நகரத்தில் ஒருவனுக்கு மானம் இருக்கிறதா இல்லையா என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காகிதத்தைப் பார்க்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள், பிள்ளை அதற்குப் பிறகுதான் பிறந்தது, இடையில் ஒன்பது மாதம் முழுசாக இருந்தது, தாத்தாக்களில் எவரும் மாவுமில்காரராகவோ குளியல்கடைக்காரராகவோ இருந்ததில்லை என்று பாதிரியார் முத்திரை போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிப் பிறந்தவனும் அந்த மானத்தைச் சாகும்வரை உடையாமல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். செத்த நாயைக் காலால் ஒதுக்கினால் போய்விடும். செத்த மாட்டின் தோலை உரிப்பவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடித்தால் போய்விடும். தூக்குமரத்தைத் தொட்டால் போயே போய்விடும். பொய் சொன்னாலோ, அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போட்டாலோ போகுமா என்று கேட்டால், அதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கூலித்தச்சன் யோஸ்டிடம் அந்தக் காகிதம் இருந்தது. தகரக் குழாயில் சுருட்டி, மெழுகுத் துணி சுற்றிப் படுக்கைக்கு அடியில் வைத்திருந்தான். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. ஊர் ஊராக நடந்து வேலை கற்ற ஆறு வருஷத்தைக் கழித்துவிட்டால், மீதியெல்லாம் தச்சர் சங்கத்தின் மூத்த மேஸ்திரி உல்ரிக் ஸ்டெங்கலின் பட்டறையில்தான் கழிந்தது. ஊரில் பாதிக் கூரைகள் அவன் கையால் ஏறியவை. ஆனால் கூரை போடத் தெரிந்தவனெல்லாம் மேஸ்திரி ஆகிவிட முடியாது. ஆல்ட்வெர்த்தில் தச்சு மேஸ்திரிகள் பன்னிரண்டு பேர்தான். பதின்மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது. யாராவது செத்தால்தான் யாராவது ஆகலாம். மேஸ்திரி ஆகாதவன் பட்டறை வைக்க முடியாது, வீடு பிடிக்க முடியாது, கல்யாணம் செய்ய முடியாது. ஆகையால் யோஸ்ட் பதினோரு வருஷமாகப் பன்னிரண்டு கிழவர்களின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நல்ல மனுஷன்தான். ஆனாலும் காது அந்தப் பக்கம் போய்விடும்.

பதினோரு வருஷம் என்பது வால்புர்காவின் கணக்கு. ஸ்டெங்கல் வீட்டுச் சமையல்காரி அவள். இருபத்தைந்து வயதில் அவனுக்குச் சரி என்று சொன்னவள், இப்போது முப்பத்தாறு. வருஷத்துக்கு இரண்டு படுக்கை விரிப்பு தைத்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டி நிறைந்து, இன்னொரு பெட்டியும் பாதி நிறைந்துவிட்டது.

அந்த வருஷம் தவக்காலத்தில் கிழட்டு மேஸ்திரி ஒருவர் செத்தார். சங்க விதிப்படி ஊரிலேயே மூத்த கூலித்தச்சனுக்குத்தான் அந்த இடம். மூத்தவன் யோஸ்ட். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்டெங்கலின் தங்கை மகன் லியன்ஹார்டுக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது. அவனுக்கு வயது இருபத்துநாலு, உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில்கூடச் சந்தேகப்படுகிற ஆள்.

மே மாதம் ஒரு புயல் அடித்தது. ஊர் வாசலுக்கு வெளியே குன்றின்மேல் அறுபது வருஷமாக நின்றிருந்த தூக்குமரத்தின் ஒரு கால் முறிந்து, குறுக்குமரம் ஒருபக்கமாகச் சரிந்துவிட்டது. கோபுரச் சிறையில் ஒரு குதிரைத் திருடன் தண்டனைக்குக் காத்திருந்தான். நகர மன்றம் கூடி, புதுத் தூக்குமரம் செய்ய ஆணையிட்டது.

தூக்குமரம் செய்வது தச்சு வேலை. தூக்குமரத்தைத் தொட்டவன் தச்சனாக இருக்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு முன்னோர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஊரில் உள்ள தச்சர், கொத்தர், கொல்லர், தையல்காரர் என்று எல்லா மேஸ்திரிகளும் மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போய், ஒரே நேரத்தில் மரத்தில் கை வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். எல்லோரும் தொட்டுவிட்டால் யாரை யார் குறை சொல்வது? பிறகு எல்லோரும் சேர்ந்து பன்றிக்கறி சாப்பிட வேண்டும்.

எல்லாம் சரி. மரத்தை முன்கூட்டியே வெட்டி, செதுக்கி வைக்க வேண்டுமே, நீளம் எவ்வளவு? அறுபது வருஷத்துக்கு முன்னால் அளந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. யாராவது போய்ப் பழைய மரத்தை அளக்க வேண்டும். சங்கம் இரண்டு நாள் இதை விவாதித்தது. பதினொரு மேஸ்திரிகளும் ஒரே அளவுகோலைச் சேர்ந்து பிடித்தால் என்ன என்றார் ஒருவர். அளவுகோல் பத்தடி, வயிறுகளை நினைத்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். தூக்குக்காரன் மெல்கியோரையே அளக்கச் சொன்னால் என்ன என்றார் மூன்றாமவர். தச்சனின் அளவுகோல் தூக்குக்காரன் கையில் பட்டால் அளவுகோலின் மானம் என்னாவது என்றார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஸ்டெங்கல் யோஸ்டைத் தன் வீட்டு முன்னறைக்குக் கூப்பிட்டார். சங்கப் பெட்டி அங்கேதான் இருந்தது. இரும்புப் பட்டை அடித்த ஓக் பெட்டி, அதற்குள் சங்கத்தின் முத்திரையும் விதிப்புத்தகமும். அந்தப் பெட்டிக்கு ஒரு மகிமை உண்டு. மூடி திறந்திருக்கும்போது அதன் முன்னால் சொன்ன சொல் வேதவாக்கு, மாற்ற முடியாது. மூடி மூடியிருக்கும்போது சொன்னால் அது வெறும் பேச்சு. ஆகவே சங்கத்துப் பெரியவர்கள் நல்ல வார்த்தைகளையெல்லாம் மூடியை மூடிவிட்டுத்தான் பேசுவார்கள்.

ஸ்டெங்கல் சாவி போட்டு மூடியைத் திறந்தார். தொப்பியைக் கழற்றினார். யோஸ்டும் கழற்றினான்.

"தம்பி," என்றார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீ போய் அளந்துட்டு வா."

"மேஸ்திரி, தூக்குமரத்தையா?"

"அளக்கறது வேற, தொடறது வேற. தையல்காரன் ராஜகுமாரியோட இடுப்பை அளக்கறான். தொட்டான்னு அவனைச் சிறையிலயா போடறாங்க?"

"மரம்னா கோலை ஒட்டி வெக்கணுமே மேஸ்திரி."

"வெச்சுக்கோ. கை தவறிப் பட்டாலும் பாதகமில்லை. நான் சொல்றேன், சங்கம் உன் பின்னால நிக்கும். யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டான். வந்ததும் அந்த இடம் உனக்கு. பெட்டிமேல கை வை."

யோஸ்ட் கை வைத்தான். அந்த நேரம் வால்புர்கா இரண்டு குவளை பீரோடு உள்ளே வந்தாள். திறந்த மூடியைப் பார்த்தாள், யோஸ்டைப் பார்த்தாள், குவளைகளை வைத்துவிட்டுப் போனாள். யோஸ்டுக்கு அன்றைக்குப் பீர் தேனாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் குன்றேறினான். கையுறை போட்டிருந்தான், அதன்மேல் இன்னொரு கையுறை. பத்தடிக் கோலைத் தள்ளி நின்று காற்றில் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தான். ஒருமுறை பதினாறு அடி வந்தது, அடுத்தமுறை இருபத்தொன்று. கீழேயுள்ள குடிசையிலிருந்து தூக்குக்காரன் மெல்கியோர் ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்தடி தூரத்தில் மரியாதையாக வைத்துவிட்டு விலகி நின்றான்.

"தொடாம எப்படிப்பா அளப்பே?" என்றான்.

"நீ என்கூடப் பேசாதே. யாராவது பாத்தா வம்பு."

"பேசலை. காத்துகிட்ட சொல்றேன். சாராயக்கடையில எனக்குன்னு மூலையில ஒரு முக்காலி போட்டிருக்காங்க. மத்தவங்க குவளைக்கெல்லாம் மூடி உண்டு, என் குவளைக்குக் கிடையாது, வேற எவனும் தெரியாம எடுத்துடக் கூடாதாம். முப்பது வருஷமா தனியாத்தான் குடிக்கிறேன். மரத்தைத் தொட்டவன் பக்கத்துல உக்கார இன்னொரு முக்காலி செய்யணும்னா ஒரு தச்சனும் தேவைப்படுவான்."

யோஸ்டுக்குக் கோபம் வந்தது. ஏணியைத் தொடாமல் முறிந்த காலின் மீது ஏறினான். பாதி ஏறியதும் காற்று அடித்தது. விழாமல் இருக்க அவன் குறுக்குமரத்தை இரண்டு கையாலும், காலாலும், கன்னத்தாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். அந்த நிலையில்தான் சரியான அளவு கிடைத்தது. பதினெட்டடி. கீழே குன்றின் அடிவாரத்தில் லியன்ஹார்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது உதவி தேவைப்படுமோ என்று மாமா அனுப்பினாராம். உதவ வேண்டிய அவசியம் வரவில்லை. பார்த்தது போதும் என்று அவன் சீட்டியடித்தபடி ஊருக்குத் திரும்பினான்.

மூன்றாம் நாள் சங்கம் கூடியது. சாராயக்கடை மாடியில், பெட்டியின் மூடி திறந்து, தொப்பிகள் கழன்று, பதினொரு மேஸ்திரிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யோஸ்ட் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மேஸ்திரி பட்டம் தரப்போகிறார்கள் என்று நினைத்தான்.

"கூலித்தச்சன் யோஸ்ட்," என்று ஸ்டெங்கல் எழுந்தார், "நேற்றைக்கு முந்தின நாள் யாருமில்லாத நேரம் பார்த்துத் தனியாகப் போய்த் தூக்குமரத்தைத் தழுவிக்கொண்டிருந்ததாக ஒரு நம்பத்தகுந்த சாட்சி சொல்கிறான். எனக்கு நெஞ்சே வெடிக்கிறது. இவன் எனக்கு மகன் மாதிரி. மகன் மாதிரி என்பதாலேயே இவனுக்கு இரக்கம் காட்ட என்னால் முடியாது. வேறு எவனாவது ஒருவனாக இருந்தால் நான் இரக்கம் காட்டியிருப்பேன் என்பதை இந்தச் சபை அறியும். இதுவரை அப்படி வேறு எவனும் வரவில்லை, அது என் குற்றமல்ல."

சபை தலையாட்டியது.

"மேஸ்திரி, நீங்கதானே போகச் சொன்னீங்க?" யோஸ்டுக்கு இன்னும் புரியவில்லை. ஏதோ மறந்துபோய்ப் பேசுகிறார், ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். "பெட்டிமேல கை வெக்கச் சொல்லிச் சொன்னீங்களே, சங்கம் பின்னால நிக்கும்னு."

"சொன்னேன்," என்றார் ஸ்டெங்கல். "மறுக்கவில்லை. நான் உண்மை பேசுகிறவன். ஆனால் மூடி மூடியிருந்தது."

"திறந்திருந்துச்சு."

"மூடியிருந்தது."

"வால்புர்கா பாத்தா. அவளைக் கேளுங்க."

இதைச் சொன்னதும் யோஸ்டுக்கு உயிர் வந்தது. ஸ்டெங்கலும் உடனே ஒத்துக்கொண்டார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. திறந்த பெட்டியின் முன்னால் பெண்குரல் ஒலிக்கக் கூடாது என்பது சங்க விதி. முன்பு ஒருமுறை ஒலித்து, அந்த வருஷம் முழுக்க மரத்தில் புழு விழுந்ததாம். ஆகவே வால்புர்கா மாடிப்படியின் கீழே நிறுத்தப்பட்டாள். படியின் நடுவில் சங்கச் சேவகன் நின்றான். படியின் மேலே கடைக்காரன் நின்றான். வாசலில் லியன்ஹார்ட் நின்றான். கேள்வி ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு இறங்கியது. மூடி திறந்திருந்ததா, மூடியிருந்ததா? பிறகு பதில் ஏறி வந்தது.

"மூடியிருந்துச்சாம்," என்றான் லியன்ஹார்ட்.

யோஸ்ட் சிரித்துவிட்டான். "மாத்திச் சொல்றான். நானே கீழ போய்க் கேக்கறேன்."

"குற்றம் சாட்டப்பட்டவன் சாட்சியோடு பேசக் கூடாது," என்றார் ஸ்டெங்கல்.

"அப்போ கடைக்காரரைச் சொல்லச் சொல்லுங்க."

கடைக்காரன், தனக்கு இடதுகாது மந்தம், சேவகன் சொன்னதைத்தான் சொன்னேன் என்றான். சேவகன், அந்தப் பெண் ரொம்ப மெதுவாகப் பேசினாள் என்றான். விசாரணை முடிந்தது. யோஸ்ட் வழக்கமாகக் குடிக்கும் குவளையைக் கொண்டுவரச் செய்து தரையில் போட்டு உடைத்தார்கள். சங்கத்தின் கரும்பலகையில் இருந்த அவன் பெயரைத் துடைத்தார்கள். துடைத்த துணியை எரித்தார்கள். காலியாக இருந்த பன்னிரண்டாவது இடம் அன்றைக்கே லியன்ஹார்டுக்குப் போனது. பெட்டி திறந்துதான் இருந்தது, அதனால் அது மாற்ற முடியாத தீர்ப்பு.

மறுநாளே ஊர் மாறிவிட்டது. ரொட்டிக்கடைக்காரன் ரொட்டியை நீளமான துடுப்பில் வைத்து நீட்டினான். தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஏழு பேர் எழுந்து போனார்கள். அவன் போட்ட கூரைகளின் கீழே குடியிருந்தவர்கள் கூரைகளைப் பிரிக்கவில்லை, அதற்கு மானம் இடங்கொடுத்தது. யோஸ்டுக்கு அதெல்லாம்கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. மூன்று வாய் மாறி வந்த அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. திறந்திருந்தது என்றுதான் அவள் சொல்லியிருப்பாள், படியேறும்போது எவனோ திருகிவிட்டான் என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டான். ஸ்டெங்கல் வீட்டுப் பின்வாசலுக்கு நாலு தடவை போனான். நாலு தடவையும் கதவு சாத்தியிருந்தது. பாவம், அவளை வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் வருத்தப்பட்டான்.

இதற்கிடையில் கோபுரத்திலிருந்து குதிரைத் திருடன் நகர மன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினான். தான் முறைப்படி கல்யாணமான நெசவாளத் தம்பதிக்குப் பிறந்தவன் என்றும், திருடினாலும் மானத்தோடு திருடியவன் என்றும், மானங்கெட்ட ஒருவன் எடுத்த அளவில் செய்த மரத்தில் தொங்குவது தன் குடும்பத்துக்கே தலைகுனிவு என்றும் எழுதியிருந்தான். மன்றம் மனுவைப் படித்து உருகிப்போனது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோஸ்டின் அளவு செல்லாது என்று தீர்ப்பானது. பதினெட்டு என்ற எண்ணை அந்த வேலையில் யாரும் வாயால் சொல்லவும் கூடாது. பதினெட்டுக்குப் பக்கத்தில் உள்ள எண்களிலும் ஒட்டியிருக்கலாம் என்று நகரச் செயலர் டாக்டர் ஃபாபர் கருத்துச் சொன்னதால், எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்துநாலு அடியில் ஒரு பச்சை ஓக் மரத்தை வெட்டினார்கள். அதைத் தூக்கவே நாற்பது பேர் வேண்டியிருந்தது.

விழா நாள் வந்தது. முதல் நாளே நகர மன்றத்தின் ஆணையைச் சந்தையில் தண்டோரா போட்டு மூன்று முறை படித்தார்கள். யோஸ்ட் தள்ளி நின்று மூன்று முறையும் கேட்டான். இந்த விழாவில் மரத்தைத் தொடும் எவருடைய மானத்துக்கும் குறைவு வராது, அவரைப் பார்த்து யாரும் எப்போதும் ஒரு சொல் சொல்லக் கூடாது, சொன்னால் தண்டனை. எவருடைய என்று இருந்தது. மேஸ்திரிகளுடைய என்று இல்லை. யோஸ்ட் தங்கியிருந்த இடத்துக்குப் போய் அதே நல்ல சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டான். காரியம் இவ்வளவு எளிது என்று ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? கூட்டத்தோடு ஒரு விரல் வைத்தால் போதும். மானம் திரும்பிவிடும். மேஸ்திரி இடம் இல்லாவிட்டாலும் வேறு ஊருக்குப் போய் வேலை செய்யலாம், வால்புர்காவும் வருவாள்.

குன்றின்மேல் கயிறு கட்டி ஊர்ச்சனத்தை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். வால்புர்கா ஸ்டெங்கல் வீட்டாரோடு கயிற்றோரம் நின்றாள். புல்லாங்குழலும் முரசும் ஓய்ந்ததும் டாக்டர் ஃபாபர் பேசினார்.

"மாண்புமிகு மேஸ்திரிகளே. ஒருவன் தொட்டால் தீட்டு. நூறு பேர் தொட்டால் திருவிழா. ஒன்றுக்கும் நூறுக்கும் நடுவில் எந்த எண்ணில் தீட்டு திருவிழாவாக மாறுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நான் பதுவா நகரத்தில் ஏழு வருஷம் சட்டம் படித்தவன். ஆராய்ந்து பார்த்ததில், அது எண்ணைப் பொறுத்ததல்ல, அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது என்று தெரியவந்தது. கை வைக்கலாம்."

நூறு பேர் கை வைத்தார்கள். மரம் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. அந்த நேரம் யோஸ்ட் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடிவந்து, ஸ்டெங்கலுக்கும் லியன்ஹார்டுக்கும் நடுவில் தன் வலதுகையை மரத்தில் வைத்தான்.

"யோஸ்டு தொட்டுட்டான்," என்று எவனோ கத்தினான்.

நூறு கைகளும் சுடுபாத்திரத்தை விட்டதுபோல மரத்தை விட்டன. ஒரு கண நேரம் இருபத்துநாலு அடி ஓக் மரத்தை யோஸ்ட் மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அது மனுஷனால் ஆகிற காரியமல்ல. மரம் விழுந்தது. எல்லோரும் விலகிவிட்டார்கள், ஸ்டெங்கலின் வலதுகால் மட்டும் விலகவில்லை. முழங்காலுக்கு மேலே மரம் அழுத்திக்கொண்டு, சரிவில் மெல்ல மெல்ல வயிற்றை நோக்கி உருண்டது.

யாரும் அசையவில்லை. மரத்தை இப்போது எல்லோரும் சேர்ந்து தொட்டதாக எடுத்துக்கொள்வதா, கடைசியில் ஒருவன் தனியாகத் தொட்டதாக எடுத்துக்கொள்வதா? தொட்டால் விழாவா, தீட்டா? டாக்டர் ஃபாபர் புத்தகத்தை விரித்தார்.

"லியன்ஹார்ட்," என்று முனகினார் ஸ்டெங்கல். "தூக்குடா."

லியன்ஹார்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "மாமா, நான் மேஸ்திரியாகிப் பத்தொன்பது நாள்தான் ஆகுது."

"நான் தூக்கட்டுமா?" என்றான் தூரத்தில் நின்ற தூக்குக்காரன்.

"நீ கிட்ட வராதே," என்று வலியோடு கத்தினார் ஸ்டெங்கல். பிறகு கண்ணைச் சுருக்கி, பக்கத்தில் நின்ற யோஸ்டைப் பார்த்து, உதடு அசையாமல் பேசினார். "தம்பி. தூக்கு தம்பி. மூடி திறந்துதான் இருந்துச்சு. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்கு இடம் வாங்கித் தரேன்."

"சத்தமா சொல்லுங்க மேஸ்திரி."

ஸ்டெங்கல் தலையைத் திருப்பி, வரிசையாக நின்ற தொப்பிகளைப் பார்த்தார். மரம் இன்னும் ஒரு விரற்கடை உருண்டது. அவர் முகம் சாம்பலாக வெளுத்தது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மனுஷன் தன் கொள்கையில் உறுதியானவர் என்பதை யாரும் மறுக்க முடியாது.

"யோஸ்ட், தூக்கு."

வால்புர்காவின் குரல். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது நாளாக அவன் கேட்கக் காத்திருந்த குரல். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு கடப்பாரையை எடுத்து மரத்துக்கு அடியில் கொடுத்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, தோளால் அமுக்கினான். மரம் ஒரு சாண் எழும்பியது. ஸ்டெங்கல் கைகளை ஊன்றித் தானாகவே பின்னுக்கு நகர்ந்து வெளியே வந்தார். அந்த வலியிலும் யோஸ்டின் காலணி தன்மேல் படாமல் சட்டை நுனியை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் ஃபாபர் புத்தகத்தை மூடிவிட்டு, பதிவேட்டில் எழுதினார். விழாவின்போது குன்றின்மேல் திடீரென்று பலத்த காற்று வீசி மரம் தானாக எழும்பியது, மூத்த மேஸ்திரி கடவுள் அருளால் தப்பினார். யோஸ்ட் என்று ஒருவன் அங்கே வந்ததாகப் பதிவில் இல்லை, ஆகையால் மரம் சுத்தமாக இருக்கிறது. மேஸ்திரிகள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு மறுபடி மேளம் கொட்டி, மறுபடி நூறு பேரும் கை வைத்து, மரத்தை நிறுத்திவிட்டுப் பன்றிக்கறிக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் யோஸ்ட் கயிற்றருகே போனான். வால்புர்கா போகாமல் நின்றிருந்தாள். அவனுக்கு மூச்சு வாங்கியது, சட்டை தோளில் கிழிந்திருந்தது, ஆனாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அன்னிக்குப் படிக்கட்டுல நீ சொன்னதை அவனுங்க மாத்திட்டானுங்க, இல்ல?"

"மாத்தலை," என்றாள்.

"என்ன மாத்தலை?"

"நான்தான் மூடியிருந்துச்சுன்னு சொன்னேன்."

யோஸ்ட் அவளையே பார்த்தான். "திறந்திருந்துச்சே. நீ பாத்தியே."

"பாத்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரமும் பாத்தேன். அன்னிக்குப் பெரியவர் லியன்ஹார்டைப் பெட்டிமேல கை வெக்கச் சொல்லி அவனுக்கு அந்த இடத்தைக் குடுத்தாரு. அன்னிக்கும் மூடி திறந்துதான் இருந்துச்சு. அன்னிக்கும் பீர் கொண்டு போனது நான்தான்."

"ஈஸ்டருக்கு முன்னாடியேவா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்போ நான் அளக்கப் போகும்போதே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே, வால்புர்கா."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? அடுத்த கிழவன் சாகட்டும்னு இன்னொரு பதினோரு வருஷம் காத்திருப்பே. உனக்கு அது வரும் யோஸ்ட். எனக்கு வரலை." அவள் அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிறவள்போலச் சொன்னாள். "மிக்கேல் திருநாளுக்கு லியன்ஹார்டுக்குக் கல்யாணம். அவங்க வீட்டைப் பாத்துக்கற வேலையும் சாவிக்கொத்தும் எனக்குத்தான்னு பெரியவர் சொல்லியிருக்கார். என்கீழ ரெண்டு வேலைக்காரிங்க. அடுப்புகிட்டயே நான் போக வேண்டாம்."

"நீதானே இப்போ தூக்கச் சொன்னே," என்றான் யோஸ்ட். "என்னைப் பாத்துத்தானே சொன்னே."

"அவரு செத்துட்டா சாவிக்கொத்தை யாரு குடுப்பா?"

கீழே ஊரிலிருந்து முரசுச் சத்தமும் வறுத்த பன்றிக்கறி வாசனையும் வந்தன. யோஸ்ட் ஏதோ கேட்க நினைத்து ஓரடி முன்னால் வைத்தான். வால்புர்கா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னால் போனாள்.